மெக்கார்ட்னியின் பேஸ்: ஒரு பஞ்சுத்துண்டும் நாலு பாட்டும்

பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்த பேஸ் கிதார் வரிகளை டேப் (எந்த ஸ்ட்ரிங்கில் எங்கே விரல் வைப்பது என்று எண்ணால் காட்டும் குறிப்பு) பார்த்துப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபிரெட் (நெக்கில் குறுக்கே ஓடும் உலோகக் கம்பி) எண் சரியாக இருக்கும், தாளமும் சரியாக இருக்கும், ஆனாலும் கேட்டால் பாட்டு மாதிரி இருக்காது. எந்தச் சுரத்தை எப்போது தொடங்குவது என்பதை டேப் சொல்லிவிடுகிறது. எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்வதில்லை. அவர் பாணியில் பாதி அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது.

34 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்) உள்ள ஒரு சாதாரண பிரிசிஷன் வகை பேஸை வைத்துக்கொண்டு, பீட்டில்ஸின் நாலு பாட்டு வழியாக அந்த நிறுத்தத்தைக் கைக்குக் கொண்டுவந்த வேலையின் வரிசை இது. மெக்கார்ட்னி வாசித்த ஹோஃப்னர் பேஸை வாங்கத் தேவையில்லை. ஆனால் ஹோஃப்னர் ஏன் அப்படி ஒலித்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கருவி

1961-இல் ஹாம்பர்கில் மெக்கார்ட்னி வாங்கிய ஹோஃப்னர் 500/1 வயலின் வடிவத்தில், உள்ளே கூடாக இருக்கும் பேஸ். விலை 30 பவுண்டு அளவில். இரண்டு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் இடதுகைக்காரர் தலைகீழாகப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது. அதுவும் வாங்க ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். (அந்தக் கருவி 1972-இல் லண்டனில் திருடு போய், அரை நூற்றாண்டு கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது.) ஸ்கேல் 30 அங்குலம். கூடான உடம்பு என்பதால் சுரம் சீக்கிரம் எழும்பி சீக்கிரம் அடங்கிவிடும். அதன்மேல் ஃபிளாட்வூண்ட் ஸ்ட்ரிங் (பட்டையான கம்பி சுற்றி, மேற்பரப்பு வழவழப்பாக இருப்பது). இந்த இரண்டும் சேர்ந்து கொடுப்பதுதான் அந்த “தும்” என்ற குட்டையான ஒலி. 1965-க்குப் பிறகு ரிக்கன்பேக்கர் 4001எஸ் வந்து ஒலி நீண்டது, கூர்மையும் கூடியது. ஆனால் கை பழகியது ஹோஃப்னரில்.

ஸ்கேல் வித்தியாசத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 34 அங்குல பேஸில் 1-ஆம் ஃபிரெட்டிலிருந்து 4-ஆம் ஃபிரெட்டுக்கு 130 மி.மீ. 30 அங்குலத்தில் அதே தூரம் 114 மி.மீ. ஒன்றரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். சுண்டுவிரலைக் கேட்டால் தெரியும். அவருக்கு இயல்பாக வரும் சில நீட்டல்கள் நமக்கு வராமல் போனால் அது கையின் குறை அல்ல. அந்த இடங்களில் விரலை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

பஞ்சு முதலில், ஸ்ட்ரிங் பிறகு

ஒலி கிடைக்கவில்லை என்றதும் எல்லோரும் ஆம்பில் பேஸ் நாபை ஏற்றுகிறார்கள். கொழகொழப்புதான் மிஞ்சும். திறந்த ஈ ஸ்ட்ரிங்கின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அதை ஏற்ற ஏற்ற அறை அதிரும், சுரம் தெரியாது. ஆம்பை எல்லாம் நடுவில் வைத்துவிட்டு, பேஸ் கிதாரின் டோன் நாபைப் பாதிக்குக் குறைத்தால் போதும். ஜாஸ் வகை பேஸ் என்றால் நெக் பிக்கப்பை முழுதாகவும் பிரிட்ஜ் பிக்கப்பை மிகக் குறைவாகவும் வைக்கவும்.

அடுத்த வேலைக்குப் பத்து இருபது ரூபாய் போதும். பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் பஞ்சில் பச்சை நார்ப்பக்கத்தைப் பிய்த்துவிட்டு, 8 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலத்துக்கு வெட்டவும். உயரம் கருவிக்குக் கருவி மாறும். பிரிட்ஜ் சாடிலுக்கு (ஸ்ட்ரிங் வந்து உட்காரும் உலோகத் துண்டு) முன்னால் பாடிக்கும் ஸ்ட்ரிங்குக்கும் உள்ள இடைவெளியை அடிக்கோலால் அளந்து, அதைவிட 2 மி.மீ. கூட வைத்து வெட்ட வேண்டும். சாடிலை ஒட்டியே செருகவும். பிக்கப் பக்கம் நகர்த்தினால் சுரமே செத்துப்போய் “டொக்” என்று மரத்தைத் தட்டினாற்போல் கேட்கும்.

சோதிக்க, திறந்த ஈ-யை ஒருமுறை மீட்டிவிட்டு எண்ணுங்கள். ஒன்றரை, இரண்டு விநாடியில் அடங்க வேண்டும். அதற்குமேல் ஒலித்தால் உயரம் போதவில்லை. அரை விநாடியில் அடங்கினால் அதிகம். ஜி ஸ்ட்ரிங் மெலிது என்பதால் அதே பஞ்சு அதை மட்டும் அதிகமாக அமுக்கிவிடும். அந்த ஓரத்தை மட்டும் கத்தரியால் 1 மி.மீ. சீவிவிட்டால் நாலும் ஒரே அளவில் அடங்கும். பஞ்சு ஸ்ட்ரிங்கைக் கீழிருந்து தள்ளுவதால் சுருதி கொஞ்சம் ஏறும். எனவே செருகிய பிறகுதான் டியூன் செய்ய வேண்டும்.

ஃபிளாட்வூண்ட் செட், உருண்டைக் கம்பி சுற்றிய சாதாரண ரவுண்ட்வூண்டைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும், பழசாக ஆக ஒலியும் மெருகேறும். டிஅடாரியோ குரோம்ஸ் ஈசிபி81 செட்டின் கனம் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) 45, 65, 80, 100. கடையில் வரும் பேஸ்களில் பெரும்பாலும் ஈ ஸ்ட்ரிங் 105-க்கு வெட்டிய நட் (நெக்கின் மேல்முனையில் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டு) இருக்கும், அதனால் நட்டை அரத்தால் ராவ வேண்டியதில்லை.

மாட்டும்போது மூன்று விஷயம். ஒன்று, ஃபிளாட்வூண்டை அப்படியே வெட்டக்கூடாது. வெட்டும் இடத்துக்கு முன்னால் பிளையரால் செங்குத்தாக மடக்கிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் மேல்சுற்று உள்கம்பியில் வழுக்கி ஸ்ட்ரிங்கே ஊமையாகிவிடும். இரண்டு, பாடிக்குள் துளை வழியாகப் போகும் வசதி இருந்தாலும் பிரிட்ஜ் வழியாகவே மாட்டவும். செங்குத்து வளைவு பட்டையான சுற்றுக்கு ஆகாது. மூன்று, முனையில் உள்ள பட்டுநூல் சுற்று சாடில் மீதோ நட் மீதோ வந்து உட்காரக்கூடாது. செட் வாங்கும்போதே லாங் ஸ்கேலா என்று பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை வராது.

இழுவிசை கூடுவதால் நெக் முன்னால் வளையும். ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டு அளக்கவும். முதல் ஃபிரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அமுக்கிப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, உடம்போடு நெக் சேரும் ஃபிரெட்டில் விரல் வைத்து அமுக்கினால், 7-ஆம் ஃபிரெட்டின் மேல் இடைவெளி 0.3 மி.மீ. இருக்க வேண்டும். அதற்குமேல் என்றால் நெக்குக்குள் உள்ள டிரஸ் ராடை (வளைவைச் சரிசெய்யும் கம்பி) கடிகாரச் சுற்றில் கால் சுற்று திருப்பி, மறுபடி டியூன் செய்து, மறுபடி அளக்கவும். ஒரே மூச்சில் அரைச் சுற்று வேண்டாம். 17-ஆம் ஃபிரெட்டில் ஸ்ட்ரிங் உயரம் ஈ பக்கம் 2.4 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. போதும். கடைசியாக 12-ஆம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (ஸ்ட்ரிங்கை அமுக்காமல் தொட்டு எழுப்பும் சுரம்) அமுக்கிய சுரத்தையும் ஒப்பிடவும். அமுக்கியது ஏறி நின்றால் சாடிலைப் பின்னால் தள்ள வேண்டும்.

கேட்பதற்கு முன் ஏற்பாடு

போன் ஸ்பீக்கரில் பேஸ் படிக்க முடியாது. அதில் அந்த அதிர்வுகளே வராது. ஹெட்போன் கட்டாயம். அதிலும் சுரம் பிடிபடவில்லை என்றால் ஆடாசிட்டியில் பாட்டைத் திறந்து சுருதியை 12 செமிடோன் ஏற்றிக் கேளுங்கள். பாடகர் அணில் குரலில் பாடுவார், ஆனால் பேஸ் கிதார் உயரத்துக்கு ஏறி வந்து பளிச்சென்று தெரியும். வேகத்தை 30 சதவீதம் குறைப்பது தனி வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் ஒலி பிசிறடிக்கும். 60-களின் ஸ்டீரியோ மிக்ஸ்களில் கருவிகளை ஒரேயடியாக ஒரு பக்கம் ஒதுக்கும் வழக்கம் இருந்தது. இடது, வலது சேனல்களைப் பிரித்துத் தனித்தனியாகக் கேட்டாலே பல பாட்டுகளில் பாதி வேலை முடிந்துவிடும்.

சில பதிவுகள் இன்றைய டியூனரோடு ஒத்துவராது. 1966-இன் “ரெய்ன்” பாட்டில் வாத்தியங்களை வேகமாக வாசித்துப் பதிந்து, ஒலிநாடாவை மெதுவாக ஓடவிட்டார்கள். இப்படிப்பட்ட பாட்டுக்குக் கிதாரை இறக்கிக் கட்டாதீர்கள். பாட்டின் சுருதியை மென்பொருளில் சில சென்ட் (ஒரு செமிடோனில் நூறில் ஒரு பங்கு) நகர்த்திவிடுங்கள். அதே ஏப்ரல் அமர்வுகளில் பதிவான “பேப்பர்பேக் ரைட்டர்” பாட்டின் பேஸ் ஒலியை வீட்டில் துரத்தவே வேண்டாம். ஒரு ஒலிபெருக்கியையே மைக்காகத் திருப்பி வைத்துப் பிடித்த ஒலி அது, ஆம்பின் நாபில் கிடைக்காது.

நம் வாசிப்பையும் பதிய வேண்டும். சாதாரண யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் போதும். எஃபெக்ட் எதுவும் இல்லாமல் பதியவும்.

டே டிரிப்பர்

1965 டிசம்பரில் வந்த பாட்டு. கிதாரும் பேஸும் ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டு) வாசிப்பதால் காதுக்குச் சந்தேகமே இருக்காது. முதல் பாட்டாக இதை வைக்க அதுதான் காரணம். இரண்டு பார், பதினொரு சுரம்: ஈ, ஜி, ஜி ஷார்ப், பி, மேல் ஈ, டி, பி, எஃப் ஷார்ப், பி, டி, ஈ.

கையில் இப்படி வரும். ஈ ஸ்ட்ரிங்கில் 0, 3, 4. ஏ ஸ்ட்ரிங்கில் 2. டி ஸ்ட்ரிங்கில் 2, பிறகு 0. ஏ-யில் 2. டி-யில் 4. ஏ-யில் 2. டி-யில் 0, 2. ஆட்காட்டி 2-க்கு, நடுவிரல் 3-க்கு, சுண்டுவிரல் 4-க்கு. நீள ஸ்கேலில் 4-க்கு மோதிரவிரலைப் போட முயன்றால் மணிக்கட்டு கோணும்.

சுரம் பத்து நிமிடத்தில் வந்துவிடும். சிக்கல் ஆறாவது சுரத்தில் இருக்கிறது. டி ஸ்ட்ரிங்கைத் திறந்தபடி மீட்டிவிட்டு உடனே ஏ ஸ்ட்ரிங்கின் பி-க்குப் போகிறோம். திறந்த டி யாரும் நிறுத்தாததால் பி-யின் மேலேயே தொடர்ந்து ஒலிக்கும். பீட்டில்ஸ் பதிவில் இது தெரியாது; நம் பதிவில் அழுக்காகக் கேட்கும். பி-யை அமுக்கும் ஆட்காட்டி விரலை நுனியில் நிறுத்தாமல் கொஞ்சம் படுக்கவைத்தால், அதன் அடிப்பகுதி டி ஸ்ட்ரிங்கைத் தொட்டு அடக்கிவிடும். அமுக்கக்கூடாது, தொட வேண்டும். முதல் சுரமான திறந்த ஈ-க்கும் இதே கதைதான். அது 3, 4 ஃபிரெட்டுகளை அதே ஸ்ட்ரிங்கில் வாசிக்கும்வரை பிரச்சினை தராது. பி-க்குத் தாவும்போது 4-இல் இருந்த விரலைத் தூக்கியெறிந்தால் திறந்த ஈ மறுபடி முனகும். விரலைத் தளர்த்தி, ஸ்ட்ரிங் மேலேயே ஒரு கணம் விட்டுவைத்துவிட்டு எடுக்கவும்.

பதிந்த அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். நிமிடத்துக்கு 138 துடிப்பு வைத்தால் அரைத்துடிப்புக்கு 217 மில்லிவிநாடி. சுரம் 150 வாக்கில் முடிந்து, மீதியில் கோடு தட்டையாக இருந்தால் வாசிப்பு துள்ளும். முழு 217-ஐயும் சுரமே நிரப்பினால் அதே பதினொரு சுரம் மந்தமாகக் கேட்கும். 90-இல் தொடங்கி இந்தத் தட்டைக் கோடு எல்லா இடத்திலும் விழும் வரை வேகத்தை ஏற்ற வேண்டாம்.

பிறகு ரிஃப் ஏ-க்கு நகரும். அதே வடிவம், ஒரு ஸ்ட்ரிங் தள்ளி: ஏ-யில் 0, 3, 4, டி-யில் 2, ஜி-யில் 2, 0 என்று. கோரஸில் எஃப் ஷார்ப் 7 கார்டில் (இங்கே 7 ஃபிரெட் எண் அல்ல, கார்டின் பெயர்) தங்கி, ஏ 7, ஜி ஷார்ப் 7, சி ஷார்ப் 7, பி 7 என்று போகும். இங்கே ரிஃப்பின் பழக்கத்தில் கை தானாக ஓடிவிடும். கோரஸை மட்டும் தனியாக எடுத்துப் பழகவும்.

ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்

கவர் வாசித்துப் படிப்பது மட்டமான வழி என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பாட்டு பதில். 1963-இல் வந்த இதன் பேஸ் வரியை சக் பெர்ரியின் “ஐ'ம் டாக்கிங் அபவுட் யூ” பாட்டிலிருந்து அப்படியே எடுத்ததாக மெக்கார்ட்னி ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். சக் பெர்ரியைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால் இரட்டைப் பாடம்.

ஈ மேஜரில், ரூட் (கார்டின் அடிச்சுரம்), மூன்றாம், ஐந்தாம் சுரங்களைத் தொட்டு ஏறி இறங்கும் அரைத்துடிப்பு ஓட்டம், 160 வேகத்தில். இடதுகைக்கு வேலை குறைவு. வலதுகைதான் இரண்டாம் வெர்ஸுக்குள் கல்லாகிவிடும். விநாடிக்கு ஐந்துக்குமேல் அடி விழுகிறது. மெக்கார்ட்னி பெரும்பாலும் பிக் (ஸ்ட்ரிங்கை மீட்டும் சிறு தகடு) வைத்து வாசிப்பவர், 1 மி.மீ. பிக்கை, நுனி 4 மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி பிடித்து, கீழ்-மேல் என்று மாற்றி அடிக்கவும். எல்லாம் கீழடியாக அடித்தால் ஒலி சீராக இருக்கும்தான், ஆனால் பாட்டு முடிவதற்குள் முழங்கை கெஞ்சும். அடிக்கும் இடம் நெக் முடிவுக்கும் பிக்கப்புக்கும் நடுவே. பிரிட்ஜ் பக்கம் போனால் பஞ்சு வைத்த பயனே போய்விடும்.

கம் டுகெதர்

1969. வேகம் 80-களின் தொடக்கத்தில். இதுவரை பழகியதில் மிக மெதுவானது, மிகக் கடினமானதும் கூட. ரிஃப் கீழ் டி-யில் (ஏ ஸ்ட்ரிங், 5) தொடங்கி மேலே ஏறி, ஜி ஸ்ட்ரிங்கின் 10-ஆம் ஃபிரெட்டில் உள்ள எஃப் வரை சறுக்கிப் போகும். ஃபிளாட்வூண்டின் பயன் இங்கேதான் முழுதாகத் தெரியும். ரவுண்ட்வூண்டில் இந்தச் சறுக்கல் “கீச்” என்று கத்தும்.

சறுக்கலில் இரண்டு தப்பு நடக்கும். விரலின் அழுத்தம் பாதி வழியில் குறைந்து சுரம் செத்துப்போவது ஒன்று. சீக்கிரமே போய்ச் சேர்ந்து அங்கே காத்திருப்பது இன்னொன்று. புறப்படுவதைத் தாமதப்படுத்தி, எஃப்-ஐத் துடிப்பின் மேலேயே பிடிக்க வேண்டும். கண் 10-ஆம் ஃபிரெட்டில் இருக்கட்டும், விரலைப் பார்க்க வேண்டாம். வெர்ஸில் டி-யைக் குட்டையாக, உள்ளங்கை ஓரத்தால் லேசாக அமுக்கி வாசிக்கவும்.

இந்தப் பாட்டில் பஞ்சை எடுத்துவிட்டும் ஒருமுறை பதிந்து பாருங்கள். கை இதுவரை கற்றதா, பஞ்சு செய்துகொடுத்ததா என்று உடனே தெரிந்துவிடும். நிறுத்தம் கையில் வந்திருந்தால் இரண்டு பதிவும் அவ்வளவாக மாறாது.

சம்திங்

ஜார்ஜ் ஹாரிசனின் பாட்டு, 1969, சி மேஜர், வேகம் 66 வாக்கில். இங்கே சுரத் தேர்வுதான் பாடம். டேப்பைக் கடைசியில் பார்த்தால் போதும்.

பாட்டு ஏ மேஜருக்கு மாறும் நடுப்பகுதியை எடுத்துக்கொள்வோம். கார்டுகள் ஏ, சி ஷார்ப் மைனர், எஃப் ஷார்ப் மைனர், மறுபடி ஏ. ரூட்டை மட்டும் வாசித்தால் ஏ, சி ஷார்ப், எஃப் ஷார்ப், ஏ என்று தாவித் தாவிப் போகும். அதற்குப் பதில் இரண்டாவது கார்டுக்கும் நாலாவதுக்கும் ரூட்டை விட்டுவிட்டு ஐந்தாம் சுரத்தை எடுத்தால் ஏ, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ. ஈ ஸ்ட்ரிங்கில் 5, 4, 2, 0. ஒரு படிக்கட்டு இறங்கி, அடுத்து வரும் டி கார்டுக்கு (ஏ ஸ்ட்ரிங், 5) வழிவிடுகிறது. கார்டு ஒன்றுமே மாறவில்லை, ஆனால் பாட்டு நடக்கும் திசையே மாறிவிட்டது. பதிவில் இதன்மேல் அவர் நிறையச் சேர்க்கிறார், எலும்புக்கூடு இதுதான். முதலில் வெறும் நாலு சுரத்தோடு பாட்டோடு வாசியுங்கள், சேர்க்கைகள் எங்கிருந்து முளைக்கின்றன என்பது பிறகு தானாகக் கேட்கும்.

சேர்க்கைகளைப் பிடிக்க நல்ல வழி, வாயால் பாடுவது. பாட முடியாத வரியை விரல் மனப்பாடம் செய்யும், காது செய்யாது. சார்ஜென்ட் பெப்பர் காலத்தில், 1967-இல், பல பாட்டுகளுக்குப் பேஸை எல்லாம் முடிந்த பிறகு தனி டிராக்கில் கடைசியாகப் பதிந்தார்கள். பாட்டு முழுவதும் காதில் இருக்கும்போதுதான் அவர் வரியைக் கட்டினார். இதை வீட்டிலும் செய்யலாம். கார்டுகளைக் கிதாரிலோ கீபோர்டிலோ பதிந்து, அதன்மேல் மெலடியை முனகி இன்னொரு டிராக். இரண்டையும் ஓடவிட்டு, மெலடி மூச்சு விடும் இடத்தில் மட்டும் பேஸ் நகரும்படி வாசிக்கவும். மெலடி ஓடும் இடத்தில் பேஸும் ஓடினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். புதிதாகப் பழகுகிறவர்கள் “சம்திங்” வாசிக்கும்போது கேட்கும் நெரிசல் பெரும்பாலும் இதுதான்.

இனி செய்வதென்றால்

ஸ்ட்ரிங்குக்குச் செலவழிப்பதைத் தள்ளிவைக்கலாம். பழைய ரவுண்ட்வூண்டும் பஞ்சும் முதல் இரண்டு பாட்டுக்கும் தாராளம். ஃபிளாட்வூண்ட் “கம் டுகெதர்” வரும்போது வாங்கினால் போதும். “சம்திங்” நடுப்பகுதியின் நாலு சுரத்தை மட்டும் “டே டிரிப்பர்” வாரத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். கைக்கு ஒன்றும் கஷ்டமில்லை, காதுக்கு முன்கூட்டியே பழக்கமாகிவிடும். பஞ்சை மாதம் ஒருமுறை மாற்றவும். ஒரே இடத்தில் அமுங்கி அமுங்கி அது பள்ளமாகிவிடும், ஈ ஸ்ட்ரிங்தான் முதலில் நீளமாக ஒலிக்கத் தொடங்கும்.